கடனீரேரியின் அடித்தளத்துக்கு வழக்குரைப்பவர் யார்?

சுன்னாகத்து மக்களுக்கு நீர் மாசு என்றால் என்னவென்று எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கிணற்றில் வாளியை விட்டால் நீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்த காலத்தை இவ்வூர் கண்டது. மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்துவிட்டதென்ற முறைப்பாடு மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் படியேறிற்று. பின்னர் உயர் நீதிமன்றத்தின் படியும் ஏறிற்று. 2019 ஏப்ரல் 4 ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீரை மாசாக்கிய தனியார் மின் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று பணித்தது. மாசு செய்தவனே அதன் விலையையும் கொடுக்கவேண்டும் என்ற நெறி, நம் ஊரின் பெயரால் இந்நாட்டுச் சட்ட நூல்களில் ஏறியது.

அத்தீர்ப்பை நாம் போற்றுகிறோம். ஆயினும் அதிலிருந்து கற்கவேண்டிய பாடமொன்று இன்னும் கற்கப்படாமலே கிடக்கிறது. எண்ணெய் நீரில் மிதக்கும் பொருள். மிதந்தபடியாற் கண்ணிற்பட்டது; கண்ணிற்பட்டபடியால் மக்கள் வெகுண்டனர்; வெகுண்டபடியால் வழக்கு வந்தது. மிதவாமல் தாழ்ந்துபோகும் மாசுகளின் கதி என்ன? அவை போய்ச் சேருமிடம் எது? அங்கு வாழும் உயிர்களுக்கு நேர்வது என்ன? அவ்வுயிர்களுக்காக வழக்குரைப்பவர் யார்? இக்கேள்விகளையே இவ்வாரம் வாசகர் முன் வைக்கிறோம்.

தாழ்ந்துபோகும் மாசு சேருமிடம் யாழ்ப்பாணக் கடனீரேரியின் அடித்தளம். நாம் பரவைக்கடல் என்று சொல்லிப் பழகிய அந்நீர்ப்பரப்பின் சேற்றிலும் மணலிலும் வாழும் புழுவும் மட்டியும் சிப்பியும் நண்டும் இறாலும் கடலட்டையும் நலமாயுள்ளனவா என்று முறையாகக் கேட்டு, எண்ணி, எழுதி, பொதுமக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. மேலே ஓடும் நீரைக் குவளையில் அள்ளிப் பார்த்துத் திருப்தியடைகிறோம். அடியிற் கிடக்கும் கணக்கைப் புரட்டிப் பார்ப்பதில்லை. இந்தப் பிழை திருத்தப்பட வேண்டும் என்பதே நம் வாதம்.

ஆறில்லாத நாட்டின் ஆறு

“சுன்னாகம் கடலோர ஊரன்று, வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் பூமி. கடனீரேரிக்கும் நமக்கும் என்ன தொடர்பு?” என்று கமக்காரர் ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி, விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

குடாநாட்டில் ஆறில்லை என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். முழுதும் சரியன்று. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு நமக்குண்டு. தெல்லிப்பழைப் பக்கத்து மேட்டு நிலத்திற் புறப்பட்டு, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று குளங்களையும் வயல்களையும் தொட்டுச் சென்று, அராலியில் அது கடனீரேரியோடு கலக்கிறது. கந்தரோடை நமக்கு அயலூர். ஆண்டுதோறும் சுமார் 1,200 மில்லிமீற்றர் மழை இக்குடாநாட்டிற் பெய்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி முடியுமுன் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அவ்வெள்ளம் வெறுங்கையோடு போவதில்லை. தோட்டத்து மேல்மண், மிஞ்சிய பசளை, கிருமிநாசினியின் எச்சம், தெருவோரத்து எண்ணெய், சந்தைக் கழிவு எல்லாவற்றையும் சுமந்துகொண்டே அராலிக்குப் போகிறது.

கண்ணுக்குத் தெரியும் ஆறு இது. தெரியாத ஆறு நிலத்துக்கு அடியில் உண்டு. நம் காலடியிற் கிடப்பது சுண்ணாம்புக்கற் பாறை. அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் தங்குகிறது. கடலுப்பு நீரின் மேல் நன்னீர் ஒரு மெல்லிய வில்லைபோல் மிதந்து நிற்பதே நம் கிணறுகளின் இரகசியம். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை யாவரும் அறிவர். கீரிமலையிற் கடலோரத்தில் ஊற்றெடுப்பதும் இந்நிலத்தடி நீரே. நாம் தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சி இட்ட பசளையின் நைத்திரேற்று, பாறையூடாக இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்கிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வாளர் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகின்றனர். கிணற்றில் நின்றுபோகாத நைத்திரேற்று கரையோரம் கசிந்து கடனீரேரிக்கும் போகிறது. ஆகவே சுன்னாகத்துத் தோட்டத்துக்கும் அராலிச் சேற்றுக்கும் இடையில் வேலி எதுவும் இல்லை.

யாழ்ப்பாணக் கடனீரேரி 400 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடையது. ஆழமோ மிகச் சொற்பம். பல இடங்களில் இடுப்பளவு நீரில் நடந்தே தொழில் செய்யலாம். ஆழம் குறைந்தபடியாற் சூரிய ஒளி அடித்தளம்வரை எட்டுகிறது, அடித்தளமே விளைநிலமாகிறது. இதனோடு அரியாலைப் பக்கத்து உப்பாறும், வடக்கே கடலோடு கலக்கும் தொண்டைமானாறும் உள. ஆறு என்று பெயர் பூண்டிருப்பினும் இவையும் கடனீரேரிகளே. மேற்கே பாக்கு நீரிணையோடு வாய் திறந்தும், கிழக்கே ஆனையிறவில் வீதியால் அடைபட்டும், நடுவே பாலங்களாலும் மறிப்பணைகளாலும் பிரிக்கப்பட்டும் கிடக்கும் இந்நீர்ப்பரப்பே குடாநாட்டின் கழிமுகம்.

சேற்றுக்குள் ஒரு கமம்

அச்சேற்றில் நடப்பது என்ன? கமக்காரருக்கு இதை விளக்குவது எளிது; ஏனெனில் அங்கு நடப்பதும் கமமே.

தோட்டத்தில் மண்புழு செய்யும் வேலையைக் கடனீரேரியில் சேற்றுப்புழுக்கள் செய்கின்றன. சேற்றின் மேற்பரப்பிற் சில மில்லிமீற்றர் மட்டுமே இயல்பாக ஒட்சிசன் பெறும். அதற்குக் கீழே கறுத்த, நாறும் சேறு. புழுக்களும் நண்டுகளும் வளை தோண்டி நீரை உள்ளே இழுப்பதனால் ஒட்சிசன் சாண் ஆழத்துக்கும் இறங்குகிறது. உழாத நிலம் இறுகுவதுபோல, புழுவற்ற சேறும் இறுகி நச்சாகிறது.

கடலட்டை சேற்றை உண்டு, அதிலுள்ள அழுகற் பொருளைச் சமித்து, தூய மணலாகக் கழிக்கிறது. மட்டியும் சிப்பியும் நீரை இழுத்து வடிகட்டி மிதக்கும் துகளை உணவாக்குகின்றன. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவிற் செய்த ஆய்வுகளின்படி, வளர்ந்த சிப்பியொன்று ஏற்ற சூழலில் நாளொன்றுக்கு 150 லீற்றருக்கு மேற்பட்ட நீரை வடிகட்டக்கூடும். சாதாளை வேரோடி மணலைப் பிடித்து வைக்கிறது; இறாற் குஞ்சுக்கும் நண்டுக் குஞ்சுக்கும் ஓரா மீனுக்கும் மறைவிடமும் உணவும் ஆகிறது. கரையில் ஒதுங்கிய சாதாளையை அள்ளிவந்து தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்த்திய நம் முன்னோர் அதன் அருமையை அறிந்தே இருந்தனர்.

இவை எல்லாவற்றிலும் கமக்காரர் கவனிக்கவேண்டியது மற்றொன்று. ஒட்சிசன் பெற்ற சேற்றின் மேற்படையிலும், அதற்கு அடுத்துக் கிடக்கும் ஒட்சிசனற்ற படையிலும் நுண்ணுயிர்கள் மாறிமாறி வேலை செய்து, நம் தோட்டங்களிலிருந்து வந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. புழுக்களின் வளைகள் இவ்வேலை நடக்கும் பரப்பைப் பன்மடங்காக்குகின்றன. புழு இறந்து, ஒட்சிசன் முற்றாக அற்றுப்போனால் இவ்வேலை நின்றுவிடுகிறது. சேறு அமோனியாவைக் கக்குகிறது. பாசி மேலும் பெருகுகிறது. பாசி அழுகி மேலும் ஒட்சிசன் குறைகிறது. நாம் செய்த பிழையைச் சத்தமின்றித் திருத்திக்கொண்டிருந்த பணியாளனை நாமே கொன்றுவிட்டு, பின்பு தண்ணீர் ஏன் கெட்டது என்று வியக்கிறோம்.

இவ்வடித்தளம் வெறும் இயற்கை ஆராய்ச்சிக்குரிய பொருளன்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோற்றுப்பானை. சிறகுவலையும் களங்கட்டியும் வைத்து இறாலும் நண்டும் பிடிக்கும் சிறு தொழிலாளிக்கு ஆழ்கடலிற் செல்ல வள்ளமும் இல்லை, முதலும் இல்லை. அவன் வங்கி அச்சேறு. வங்கி முறிந்தால் அவன் போகுமிடம் எது?

நான்கு கேடுகள்

அடித்தளத்துக்கு வரும் கேடுகள் பல, முதன்மையானவை நான்கு.

முதலாவது, நிலத்திலிருந்து இறங்குவது. பசளையும் மண்ணும் நகரக் கழிவும் இதில் அடங்கும். யாழ்ப்பாண நகரத்து வடிகால்கள் கடனீரேரியை நோக்கியே இறங்குகின்றன. நெகிழிக் குப்பையை நாம் காண்கிறோம், அள்ளவும் முனைகிறோம். படிந்த அழுக்கை எவரும் அள்ளுவதில்லை. இந்தக் கேட்டில் வேறெவரையும் குற்றஞ்சாட்ட வழியில்லை. கமக்காரரும் நகரத்தாரும் உள்ளூராட்சி மன்றங்களும் கூட்டாகச் செய்வது இது.

இரண்டாவது, நீரோட்டத்தை மறிப்பது. 1954 இல் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு அமைக்கும் திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடனீரேரியின் வாய்களை அடைத்து நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் நீரைக் கொண்டுவருவதே அதன் கருத்து. கிணறுகள் உவர்ப்பாகிவரும் நாட்டில் அது துணிந்த சிந்தனை, இன்றும் மதிக்கத்தக்கது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் மறிப்பணைகள் எழுந்தன. திட்டம் முழுமை பெறாமலே பல தசாப்தங்கள் கழிந்தன. அரைகுறையாக நின்ற திட்டத்தினால் நன்னீரும் நிலைக்கவில்லை, கடனீரும் சீராக வந்துபோகவில்லை. இறால் கடலில் முட்டையிடுவது. அதன் குஞ்சு கடனீரேரிக்குள் வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குச் செல்வது. வரவேண்டிய மாதத்திற் கதவு அடைபட்டிருந்தால் அவ்வாண்டு விளைச்சல் இல்லை. மாரியிற் கதவடைத்து நீர் திடீரென நன்னீரானால் உப்பு நீருக்குப் பழகிய மட்டி மடியும். கோடையில் நீர் வற்றிக் கடலினும் மிகுந்த உப்பானால் எஞ்சியதும் மடியும். பண்ணை, காரைநகர், புங்குடுதீவு வீதிகள் மக்களுக்கு உயிர்நாடி; எனினும் போதிய கண்வாய்கள் இன்றி நீரை மறிக்கும் வீதி எதுவாயினும் அதன் இருபுறமும் சேறு படியும் என்பதை மறுப்பதற்கில்லை.

மூன்றாவது, அடித்தளத்தை வாரும் மடி. இழுவைமடி கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டு போவது. வயலில் விளைந்த நெல்லை அரிவாளால் அறுக்காமல், மண்ணோடும் வேரோடும் விதைநெல்லோடும் வாரிக்கொண்டு போவதற்கு ஒப்பானது. தமிழ்நாட்டிலிருந்து வரும் இழுவைப்படகுகள் கிழமையில் மூன்று நாள் பாக்கு நீரிணையில் எல்லை தாண்டி வருவது உலகறிந்த விஷயம். 1974 இலும் 1976 இலும் எழுதப்பட்ட எல்லை உடன்படிக்கைகள் அவற்றைத் தடுக்கவில்லை. தமது கரையில் மீன் பெருகவேண்டும் என்பதற்காக ஏப்ரல் 15 முதல் 61 நாள் ஓய்வு கொடுக்கும் அதே படகுகள், ஏனைய நாட்களில் நம் கரைக்கு ஓய்வு கொடுப்பதில்லை. கடனீரேரியில் வளர்ந்து வெளியே செல்லும் இறாலும் நண்டும் அம்மடியில் அகப்பட்டுப்போனால், முட்டையிட்டுக் குஞ்சு அனுப்புவது எது? அவர்களும் தமிழர், நாமும் தமிழர் என்பது மெய்யே. உறவு உள்ள இடத்திலேதான் நியாயத்தை உரத்துக் கேட்க உரிமையுண்டு. உள்ளூரில் இழுவைமடி வைத்திருப்போரும் இந்நியாயத்துக்குப் புறம்பானவர் அல்லர் என்பதையும் கூறிவைக்கிறோம்.

நான்காவது, அடைத்துப் பண்ணையாக்குவது. கடலட்டை வளர்ப்பிற் பணம் உண்டு. ஏழைத் தொழிலாளிக்கு அது கிடைப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் 2021 இல் பூநகரிக் கௌதாரிமுனையில் வெளிநாட்டுத் தொடர்புடைய பண்ணையொன்றுக்கு எதிராகத் தொழிலாளர் குரலெழுப்பியதையும், 2022 ஜூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கர் கடலட்டைப் பண்ணைத் திட்டத்துக்கு அமைச்சரவை இணங்கியதையும் நாம் மறக்கவில்லை. எந்த அடித்தளத்தில், எத்தனை அட்டை, எவ்வளவு நெருக்கமாக, யாருடைய வழியை மறித்து என்ற கேள்விகளுக்கு விடை காணாமல் ஏக்கர்க் கணக்கை மட்டும் அறிவிப்பது நிருவாகமாகாது. கடனீரேரியில் நீருக்குக் கீழே வெற்றுக் காணி என்று ஒன்று இல்லை. ஒவ்வோர் அடியிலும் ஏதோ ஓர் உயிர் ஏற்கனவே குடியிருக்கிறது.

சட்டத்தின் கண் எட்டாத இடம்

சட்டங்கள் இல்லையா? ஏராளம் உண்டு. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் உண்டு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் உண்டு. யாழ்ப்பாண மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த எம். ஏ. சுமந்திரன் கொணர்ந்த தனி உறுப்பினர் சட்டமூலத்தின் வழி 2017 இல் அது திருத்தப்பட்டு, இழுவைமடித் தொழில் தடைசெய்யப்பட்டது. அரசியலமைப்பின் 27(14) ஆம் உறுப்புரை சுற்றாடலைப் பாதுகாத்து மேம்படுத்துவது அரசின் கடன் என்கிறது. 28 ஆம் உறுப்புரை இயற்கையைக் காப்பது ஒவ்வொருவரின் கடன் என்கிறது.

இத்தனை இருந்தும் அடித்தளம் காக்கப்படாதது ஏன்? மூன்று காரணங்கள் கூறுவோம்.

ஒன்று, அளவுகோல் பிழை. 2008 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விடப்படும் கழிவுநீரின் உயிரிரசாயன ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராமை விஞ்சலாகாது என்கின்றன. நல்லதே. ஆனால் இது குழாயின் வாயில் ஓடும் நீரை அளப்பது. நூறு குழாய்கள் ஒவ்வொன்றும் விதிக்கு அமைந்திருக்க, நூறும் சேர்ந்து படியவைத்த சேறு விதிக்கு அப்பாற்பட்டு நிற்கும். வழுக்கையாற்று வெள்ளத்துக்கோ குழாயே இல்லை. எந்த வாயில் அளப்பது?

இரண்டு, காலவரை. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை. தொடர்ந்து நிகழும் மீறல் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்பதுண்டு. எனினும் அவ்வாதத்துக்குச் சான்று வேண்டும். சேறு ஒரே நாளிற் சாவதில்லை. பத்தாண்டு, இருபதாண்டு எடுத்துச் சாகிறது. முன்பு எப்படியிருந்தது என்று எழுதிவைத்த ஏடு இல்லாவிட்டால், இன்று கெட்டுவிட்டது என்று எவ்வாறு மெய்ப்பிப்பது? சாட்சியம் இல்லாத வழக்கில் எத்தகைய சட்ட அறிஞரும் வாயடைத்து நிற்கவேண்டியதே.

மூன்று, வாதி இல்லை. வேலி ஒரு முழம் தள்ளிவிட்டதென்று மூன்று தலைமுறை வழக்காடும் நாடு நம் நாடு. காணிக்கு உறுதி உண்டு. தோம்பிற் பெயர் உண்டு. அதனால் வாதியும் உண்டு. கடனீரேரியின் அடித்தளத்துக்கு உறுதியுமில்லை, தோம்புமில்லை. ஆனால் உரியவர் இல்லையென்று எவரும் எண்ணலாகாது. எப்பாவலை வழக்கில் 2000 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தெளிவாகக் கூறியது: இயற்கை வளம் அரசின் தனிச் சொத்தன்று; மக்களுக்காகவும் வருந் தலைமுறைக்காகவும் அரசு அதன் காவலனாக நிற்கிறது. கோயிற் சொத்துக்குத் தர்மகர்த்தா எப்படியோ, கடனீரேரிக்கு அரசு அப்படி. தர்மகர்த்தா கணக்குக் காட்டாவிட்டால் கேட்பதற்கு அடியவர் அனைவருக்கும் உரிமையுண்டு. கோயிற் கணக்குக் கேட்கத் தயங்காத நம்மவர் கடனீரேரிக் கணக்கைக் கேட்கத் தயங்குவானேன்?

பிறர் செய்தது

கணக்கெடுப்பது முடியாத காரியமா? உலகின் பல நாடுகள் செய்துகொண்டிருக்கின்றன. இலண்டன் தேம்ஸ் ஆறு உயிரற்றது என்று 1957 இல் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலை அறிஞர்கள் அறிவித்தனர். ஏகாதிபத்தியத்தின் தலைநகரில், பாராளுமன்றத்தின் வாசலில், ஆறு செத்துக் கிடந்தது! கழிவுநீரைச் சுத்திகரித்து, ஆண்டுக்கு ஆண்டு உயிர்களை எண்ணி, அதனை மீட்டனர். செசபீக் விரிகுடாவில் அடித்தள உயிர்களின் வகையையும் தொகையையும் எடையையும் கொண்டு ஒவ்வோர் இடத்துக்கும் புள்ளியிடுகின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2000 ஆம் ஆண்டு பிறப்பித்த நீர்ச் சட்டம், ஆற்றையும் கழிமுகத்தையும் நல்லது, கெட்டது என்று தரம் பிரிக்கையில் அடித்தளத்து முதுகெலும்பிலி உயிர்களையும் எண்ணியே ஆகவேண்டும் என்று விதித்தது.

அடித்தள உயிரை எண்ணுவதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. மீன் நீந்திப் போய்விடும். நீர் வற்றின்போது ஓடிவிடும். புழுவும் மட்டியும் இருந்த இடத்தில் இருந்தே வந்ததை எல்லாம் அனுபவிப்பவை. ஆதலாற் பொய் சொல்லாத சாட்சிகள். 1978 இல் பியர்சன், றோசன்பேர்க் என்ற இரு அறிஞர் ஒரு நியதியை வகுத்துக் காட்டினர். கழிவு குறைந்த இடத்திற் பலவகை உயிர்கள், பெரியவையும் ஆழ வளை தோண்டுபவையுமாக வாழும். கழிவு கூடக்கூட வகை குறையும். சிறிய புழு ஓரிரு வகை மட்டும் பெருந்தொகையாகப் பெருகும். மேலும் கூடினால் எதுவுமே இராது. ஆகவே சேற்றை அள்ளி, அரை மில்லிமீற்றர்க் கண்ணுள்ள அரிதட்டில் அரித்து, எஞ்சியதை வகை பிரித்து எண்ணினால் அவ்விடத்தின் பல மாத வரலாறு வெளியாகும். இதற்குக் கோடி ரூபா பெறுமதியான இயந்திரம் வேண்டியதில்லை. பழகிய கண்ணும் பொறுமையும் வேண்டும். இரண்டும் நம் இளைஞரிடம் உண்டு.

நாம் கேட்பது

முதலாவதாக, அராலி, பண்ணை, நாவற்குழி, அரியாலை, தொண்டைமானாறு, ஆனையிறவு ஆகிய இடங்களில் நிலையான புள்ளிகள் குறிக்கப்பட்டு, மாரிக்கு முன்னொரு தடவையும் பின்னொரு தடவையும் அடித்தள உயிர்க் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடைபெறவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், 1981 இல் சட்டத்தால் நிறுவப்பட்ட ‘நாரா’ நிறுவனமும் இதனை ஏற்கவேண்டும். முடிவுகள் தமிழில் அச்சாகி ஒவ்வொரு பிரதேச சபையிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் கமநல சேவை நிலையத்திலும் மக்கள் பார்வைக்குத் தொங்கவேண்டும். பெட்டகத்திற் பூட்டிய அறிக்கையால் எவருக்கும் பயனில்லை.

இரண்டாவதாக, மறிப்பணைக் கதவுகளைத் திறப்பதும் அடைப்பதும் கமக்காரரும் கடற்றொழிலாளரும் சரிநிகராக அமரும் குழுவொன்றின் இணக்கத்தோடு நடைபெறவேண்டும். கமக்காரனுக்கு நன்னீர் வேண்டும். தொழிலாளிக்கு இறால் வேண்டும். இரு நியாயங்களையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது ஆட்சியாளருக்கு எளிது. எந்த மாதம் எவ்வளவு நீர் என்று ஒரே மேசையில் இருந்து பேசினால் இருவருக்கும் போதியது கிடைக்கும் என்பது நம் நம்பிக்கை. வீதிகள் புதுக்கப்படும்போதெல்லாம் நீர் போக்குவரத்துக்கான கண்வாய்கள் கூட்டப்படவேண்டும்.

மூன்றாவதாக, அடித்தளக் கணக்கெடுப்பும் அவ்விடத்துத் தொழிலாளர் சங்கத்தின் கருத்தும் இன்றிக் கடலட்டைப் பண்ணை எதற்கும் அனுமதி வழங்கலாகாது. 2017 ஆம் ஆண்டின் தடைச்சட்டம் உள்ளூர்ப் படகுக்கும் அயல்நாட்டுப் படகுக்கும் வேறுபாடின்றி அமுல்செய்யப்படவேண்டும்.

நான்காவதாக, கமக்காரருக்கு ஒரு வேண்டுகோள். 2021 இல் இரசாயனப் பசளையை இரவோடிரவாகத் தடைசெய்து, விளைச்சலையும் கமக்காரனையும் ஒருங்கே வீழ்த்தி, அதே ஆண்டு நவம்பரிற் பின்வாங்கிய மூடத்தனத்தை நாம் கேட்கவில்லை. மண்ணைச் சோதித்துத் தேவைக்கு மட்டும் பசளை இடுங்கள். பெருமழைக்கு முதல்நாள் இடாதீர்கள். வரம்போரம் புல்லும் பூண்டும் நிற்கவிடுங்கள். வழுக்கையாற்று வழிக் குளங்களைத் தூர்வாரி வைத்தால் வண்டல் அங்கேயே தங்கும். நீரும் நிலத்துக்குள் இறங்கும். கிணறும் பிழைக்கும், கடனீரேரியும் பிழைக்கும். வீணாகும் பசளையின் விலை உங்கள் பணப்பையிலிருந்தே போகிறது என்பதையும் நினைவூட்டுகிறோம்.

ஐந்தாவதாக, நம்மைப் போன்ற கறுப்பங்கிக்காரருக்கும் படித்த தொழில் புரிவோருக்கும் ஒரு கடமை உண்டு. கணக்கேடு உருவானவுடன் அதனைச் சான்றாக்கி, கடனீரேரிக்காக வழக்குரைக்கக் கூலி வாங்காமல் முன்வருவோரின் குழுவொன்று அமையவேண்டும். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 இல் எரிந்து கடலை மாசாக்கியமைக்காக, 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு விதித்தது. தக்க சான்று முன்னிற்குமானால் கடலுக்கும் இந்நாட்டில் நீதி கிடைக்கும் என்பதற்கு இது போதிய அத்தாட்சி.

இவையெல்லாம் கொழும்பு மனம் இரங்கினாலன்றி நடவாதவை என்று சிலர் சோர்ந்து பேசுவர். அனுமதிப்பத்திரமும் மறிப்பணையும் கடற்படையும் கொழும்பின் கையில் இருப்பது மெய். அதிகாரம் கரைக்கு வரவேண்டும் என்பதற்கு இதைவிடத் தக்க காரணம் வேறில்லை. ஆயினும் சேற்றை அள்ளி அரித்து எண்ணுவதற்கு எந்த மந்திரியின் கையொப்பமும் வேண்டியதில்லை. ஒரு கல்லூரி விஞ்ஞான ஆசிரியர், பத்து மாணவர், வழிகாட்டப் பல்கலைக்கழகத்தார் ஒருவர், இடமறிந்த தொழிலாளி ஒருவர், ஓர் அரிதட்டு: இவ்வளவே தேவை. தன் நீரின் கணக்கைத் தானே வைத்திருக்கும் மக்கள், உரிமை கேட்கும் மேடையில் வெறுங்கையோடு நிற்கமாட்டார்கள்.

அடுத்த ஐப்பசி மழை வழுக்கையாற்றை நிரப்புமுன், அராலி முகத்தில் முதலாவது கணக்கெடுப்பு நடைபெறவேண்டும். அதை முன்னின்று தொடங்கும் கடமை சுன்னாகத்தாருக்கே உரியது. கிணற்றில் எண்ணெய் கண்டு வெகுண்டெழுந்த ஊர் நம் ஊர். அந்த வெகுளி கிணற்று மிதியோடு நின்றுவிடாமல் அராலிவரை நடக்கட்டும்.